நான்கு போட்டோடயோடுகளை ஒன்றாக இணைப்பது எப்படி?

கேள்வி: ரோபோ ஒன்றில் பக்கத்துக்கு ஒன்றாக நான்கு பிபிடபிள்யூ34 போட்டோடயோடுகள் (ஒளி பட்டால் மின்னோட்டம் தரும் டயோடுகள்) வைத்து, 38 கிலோஹெர்ட்ஸில் துடிக்கும் அகச்சிவப்பு ஒளியைப் பிடிக்கப் பார்க்கிறேன். சப்ளை 5 வோல்ட், லோடு ரெசிஸ்டர் 100 கிலோஓம். ஒரு டயோடு மட்டும் இருந்தபோது நன்றாக வந்தது. நான்கையும் சீரீஸில் போட்டால் சிக்னலே இல்லை. பேரலலில் போட்டால் பலவீனமாக வருகிறது. ஏன்?

பதில்: சீரீஸை விட்டுவிடுங்கள். அதில் எல்லா டயோடிலும் ஒரே மின்னோட்டம்தான் ஓட முடியும். ஒளி படுவதோ ஒரு பக்கம். இருட்டில் இருக்கும் மற்ற மூன்றும் அதை மறித்துவிடும்.

பேரலல் சரிதான். ஆனால் மின்னோட்டத்தோடு கெபாசிட்டன்ஸும், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கும் தன்மையும், கூடுகிறது. அது கூடக் கூட வேகமான துடிப்புகள் மழுங்கும். 3 வோல்ட் ரிவர்ஸ் பயாஸில் (தலைகீழாகக் கொடுக்கும் மின்னழுத்தத்தில்) இந்த டயோடுக்குச் சுமார் 25 பைகோஃபாரட். 100 கிலோஓமோடு சேரும்போது ஏறக்குறைய 64 கிலோஹெர்ட்ஸ் வரை தாங்கும். அதனால்தான் ஒற்றை டயோடு தப்பித்தது. நான்கு சேர்ந்தால் 100 பைகோஃபாரட், எல்லை 16 கிலோஹெர்ட்ஸுக்கு, அதாவது உங்கள் 38க்குக் கீழே, இறங்கிவிடும். ரெசிஸ்டரை 10 கிலோஓம் ஆக்கினால் எல்லை 160 கிலோஹெர்ட்ஸுக்கு ஏறும். சிக்னலின் அளவு குறையும்தான். அதைப் பின்னால் பெருக்கிக்கொள்ளலாம்.

அதைவிடப் பெரிய தொல்லை ஜன்னல் வெளிச்சம். 5 வோல்ட்டில் 100 கிலோஓம் என்றால் 50 மைக்ரோஆம்பியரிலேயே ரெசிஸ்டர் நிரம்பிவிடும், அதாவது 5 வோல்ட்டும் அதன் மீதே விழுந்துவிடும். ஒரே ஒரு டயோடு ஜன்னலைப் பார்த்தால் போதும், மற்ற மூன்றும் சேர்ந்து குருடாகிவிடும். அதனால் நானாக இருந்தால் நான்கையும் நேரடியாக முடிச்சுப் போடமாட்டேன். ஒவ்வொன்றுக்கும் தனியாக 10 கிலோஓம், அங்கிருந்து 1 நானோஃபாரட் கெபாசிட்டர் வழியாக ஒரே ஆப்-ஆம்பின் (சிக்னலைப் பெருக்கும் சிப்) இன்வெர்ட்டிங் (மைனஸ்) முனைக்கு. அதன் பிளஸ் முனை 2.5 வோல்ட்டில் இருக்கட்டும், அவுட்புட்டிலிருந்து மைனஸ் முனைக்குத் திரும்பும் ஃபீட்பேக் ரெசிஸ்டர் 100 கிலோஓம். நிலையான வெளிச்சம் கெபாசிட்டரைத் தாண்டாது, பல்புகளின் 100 ஹெர்ட்ஸ் துடிப்பும் பெருமளவு அடங்கிவிடும். கையில் எல்எம்358 ஆப்-ஆம்ப் கிடக்கிறதே என்று அதைப் போட்டுவிடாதீர்கள், இதற்கு அது மந்தம். 10 மெகாஹெர்ட்ஸ் அளவில் பேண்ட்வித் உள்ளதாக எடுங்கள்.

ரிமோட் மாதிரி குறியீடுகளைப் படிப்பதுதான் நோக்கம் என்றால் இவ்வளவு பாடே வேண்டாம். 38 கிலோஹெர்ட்ஸ் டிஎஸ்ஓபி வகை ரிசீவர் (டயோடும் பெருக்கியும் ஒன்றாக அடங்கிய ரிமோட் ரிசீவர்) நான்கு வாங்கி, அவுட்புட்களை ஒன்றாக இணையுங்கள். சிக்னல் வந்தது எதுவோ அது லைனைக் கீழே இழுக்கும்.

அப்புறம், போட்டோடயோடின் கேத்தோடு (மைனஸ் கால்) சப்ளையின் பாசிட்டிவ் பக்கம் இருக்க வேண்டும். பேரலலில் ஒன்று தலைகீழானாலும் லைன் மேலேயே ஒட்டிக்கொள்ளும். இதைக் கண்டுபிடிக்க நானே அரை நாள் வீணாக்கியிருக்கிறேன். சால்டர் செய்வதற்கு முன் மல்டிமீட்டரின் டயோடு மோடில் ஒவ்வொன்றையும் சோதியுங்கள், அப்போது டயோடைக் கையால் மூடிக்கொள்ளுங்கள்.