ஐ.எஸ்.ஓ. இருக்கிறது, சி.இ. இருக்கிறது... உரிமம் எங்கே?

கேள்வி: வணக்கம் சார். கோவை கணபதியில் சின்ன பட்டறை வைத்திருக்கிறேன். பிசியோதெரபி கிளினிக்குகளுக்கு ஐ.எஃப்.டி., டென்ஸ், மசில் ஸ்டிமுலேட்டர் என்று, வலி குறைக்கவும் தசையைத் தூண்டவும் உடலில் மின்சாரம் செலுத்தும் மெஷின்கள் செய்து விற்கிறோம். போன மாதம் கரூரில் ஒரு கிளினிக்கில், எங்கள் மசில் ஸ்டிமுலேட்டர் வைத்த இடத்தில் ஒரு அம்மாவுக்கு முழங்காலில் தோல் வெந்துவிட்டது. அவர்கள் புகார் கொடுக்க, மருந்து ஆய்வாளர் பட்டறைக்கு வந்தார். இருந்த மெஷின்களை 20 நாள் விற்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, உற்பத்தி உரிமத்தையும் டெஸ்ட் ரிப்போர்ட்டையும் காட்டச் சொல்லி நோட்டீஸ் கொடுத்திருக்கிறார். என்னிடம் 2021-ல் ஆன்லைனில் வாங்கிய பதிவு எண் இருக்கிறது. ஏஜெண்ட் மூலம் வாங்கிய ஐ.எஸ்.ஓ. 13485, சி.இ. சான்றிதழ்களும் இருக்கின்றன. இவை போதாதா? டெஸ்ட் ரிப்போர்ட்டைப் பழைய தேதியில் ஏற்பாடு செய்து தருவதாக ஏஜெண்ட் சொல்கிறார். அந்த அம்மாவின் மகன் 5 லட்சம் கேட்கிறார், இல்லாவிட்டால் போலீஸுக்குப் போவேன் என்கிறார். என்ன செய்வது?

பதில்: போதாது. அதைவிட அவசரமான ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய தேதி ரிப்போர்ட்டை வாங்காதீர்கள். இப்போது உங்கள் மேல் இருப்பது உரிமம் இல்லாமல் தயாரித்த குற்றச்சாட்டு. அந்த ரிப்போர்ட் ஆய்வாளர் கைக்குப் போன நிமிடம் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 336, 340 பிரிவுகளில் போலி ஆவணக் குற்றமும் சேர்ந்துகொள்ளும். லேபிடம் ஒரு கடிதம் போட்டுக் கேட்டாலே எந்தத் தேதியில் எந்த சீரியல் நம்பர் மெஷின் சோதனைக்கு வந்தது என்பது தெரிந்துவிடும். ஏஜெண்ட் அப்போது போனை எடுக்க மாட்டார்.

இனி உரிம விஷயம். 2020 பிப்ரவரி 11-ல் வந்த மத்திய அரசு அறிவிக்கையின்படி, அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தில் ‘மருந்து’ என்ற வரையறைக்குள் வந்துவிட்டன. சாலிடரிங் அயர்ன் பிடித்துச் செய்யும் மெஷினுக்கு மருந்து ஆய்வாளர் ஏன் வருகிறார் என்று உங்களைப் போலப் பலர் கேட்கிறார்கள், காரணம் இதுதான். கருவிகளுக்கென்று 2017-ல் தனி விதிகள் வந்தன. அவை ஆபத்தின் அளவை வைத்து ஏ, பி, சி, டி என்று நான்கு வகை பிரிக்கின்றன. உடலுக்குள் மின்சக்தி செலுத்தும் சிகிச்சைக் கருவி பொதுவாக பி வகை. ஆபத்து கூடுதலாக இருந்தால் சி. உங்கள் ஒவ்வொரு மாடலும் எதில் வருகிறது என்பதை மத்திய மருந்து தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் வகைப்பாட்டுப் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பதிவு எண் என்பது உரிமம் வரும்வரைக்கான இடைக்கால ஏற்பாடு மட்டுமே. எல்.எல்.ஆர். கையில் இருக்கிறது என்று பஸ் ஓட்ட முடியாது இல்லையா? பி வகைக்கு 2022 அக்டோபர் 1 முதலும், சி, டி வகைகளுக்கு 2023 அக்டோபர் 1 முதலும் உரிமம் கட்டாயம். 2021-ல் பதிவு எண் வாங்கியதோடு வேலை முடிந்தது என்று நினைத்தவர்கள் நிறையப் பேர், குறிப்பாகச் சின்னப் பட்டறைக்காரர்கள். அரசுத் தரப்பிலும் இதை இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் நீதிமன்றத்தில் அந்தக் கருத்து எதிர்வாதமாக நிற்காது.

சி.இ. என்பது ஐரோப்பியச் சந்தைக்கான குறி. இங்கே தயாரித்து இங்கே விற்க அது உரிமம் ஆகாது. அதிலும், ஏஜெண்டுகள் சில ஆயிரத்துக்கு வாங்கித் தரும் சி.இ. தாள்கள் பலவற்றைக் கொடுத்தது ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த அமைப்பாகவே இருக்காது. ஐ.எஸ்.ஓ. 13485 அப்படியில்லை, உண்மையான தணிக்கை நடந்து வந்திருந்தால் அதற்குப் பயன் உண்டு. 2017 விதிகளின் ஐந்தாம் அட்டவணை கேட்கும் தர மேலாண்மை முறை ஏறக்குறைய அதுதான். ஆனால் அது உங்கள் பட்டறை நடக்கும் முறையைப் பற்றிய சான்று. கரூர் மெஷின் எவ்வளவு கரண்ட் விட்டது என்று அது சொல்லாது.

அதைச் சொல்வது டெஸ்ட் ரிப்போர்ட். மின் மருத்துவக் கருவிகளுக்கான பொதுப் பாதுகாப்புத் தரம் ஐ.இ.சி. 60601-1. நரம்பு, தசைத் தூண்டிகளுக்குத் தனியாக 60601-2-10 இருக்கிறது. மின்காந்தக் குறுக்கீட்டுக்கு 60601-1-2. மின்சாரத்தைத் தோலுக்குக் கொண்டுபோகும் பேடு உடலில் படுவதால் அதற்கு ஐ.எஸ்.ஓ. 10993 வரிசையில் எரிச்சல், ஒவ்வாமைச் சோதனைகள். பாதுகாப்பு என்றதும் எல்லோரும் ஷாக் அடிப்பதை, அதாவது லீக்கேஜ் கரண்டைத்தான் நினைக்கிறார்கள். பி.எஃப். வகைக் கருவியில் (இது வேறு கணக்கு; நோயாளியைத் தொடும் பகுதி பூமி இணைப்பிலிருந்து தனித்திருக்கும் கருவி) நோயாளிக்குப் போகும் கசிவு சாதாரண நிலையில் 100 மைக்ரோ ஆம்பியரைத் தாண்டக் கூடாது என்பது சரிதான். ஆனால் உங்கள் வழக்கில் கேள்வி அனேகமாக வேறு இடத்தில் இருக்கும். கரண்ட் அடர்த்தி ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் தனிக் கவனம் தேவை என்று கையேட்டில் எச்சரிக்கை இருக்க வேண்டும் என்கிறது 60601-2-10. ஐந்துக்கு ஐந்து சென்டிமீட்டர் பேடு முழுதாகப் படிந்திருந்தால் 20 மில்லி ஆம்பியர் ஒன்றும் செய்யாது; கணக்கு ஒன்றுக்கும் கீழே நிற்கும். அதே பேடு காய்ந்துபோய் ஒரு மூலை மட்டும், 5 சதுர சென்டிமீட்டர் அளவுக்குத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 4 மில்லி ஆம்பியர் ஆகிவிடும். மின்சாரம் ஒரே திசையில் தொடர்ந்து பாயும் கால்வானிக் மோடில் வைத்திருந்தால் சூடே இல்லாமல் ரசாயனப் புண்ணாகவே தோல் வெந்துபோகும்.

ஆகவே கரூர் மெஷினையும் அன்று போட்ட பேடையும் யாரும் தொடாமல் வைக்கச் சொல்லி கிளினிக்குக்கு இன்றே பதிவுத் தபால் அனுப்புங்கள். சர்வீஸுக்கு என்று பட்டறைக்கு எடுத்து வந்துவிடாதீர்கள். சாட்சியத்தை அழித்தார்கள் என்று பேச்சு வரும். ஆய்வாளர் வந்து மாதிரியாக எடுத்துக்கொள்ளட்டும். அந்தச் சீரியல் நம்பர் மெஷின் வெளியே போகும்முன் நீங்கள் என்ன சோதித்தீர்கள் என்பதற்குக் கையெழுத்து நோட்டு இருந்தால்கூட அது பொன். கிழிக்காமல், திருத்தாமல் அப்படியே கொடுங்கள்.

நோட்டீஸுக்குக் கெடு முடிவதற்குள் வழக்கறிஞரை வைத்து எழுத்தில் பதில் கொடுங்கள். ஆய்வாளர் கேட்ட பதிவேடுகளைத் தர மறுத்தால் மருந்துகள் சட்டத்தின் 22-வது பிரிவிலேயே மூன்று ஆண்டு வரை தண்டனை இருக்கிறது. உரிமம் இல்லை என்றால் இல்லை என்றே சொல்லுங்கள். தயாரிப்பையும் விற்பனையையும் நிறுத்திவிட்டேன், விற்ற மெஷின்களின் பட்டியல் இது, அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று கிளினிக்குகளுக்கு எழுதிய கடித நகல் இது, உரிமத்துக்கு விண்ணப்பித்த அத்தாட்சி இது என்று இணையுங்கள். ஈரோடு, திருப்பூரில் பெயர் கெட்டுவிடும் என்று தயங்கினால், இன்னொரு முழங்கால் வெந்தபின் அதே கடிதத்தை நீதிமன்றம் எழுத வைக்கும்.

பி வகை உரிமம் தருவது மாநில மருந்து கட்டுப்பாட்டுத் துறை. விண்ணப்பம் எம்.டி.-3, உரிமம் எம்.டி.-5. தொழிற்கூடத்துக்கு 5,000 ரூபாயும் ஒவ்வொரு கருவிக்கும் 500 ரூபாயும் கட்டணம். பி வகையில் உரிமம் தருவதற்கு முன்பே, பதிவு பெற்ற தணிக்கை அமைப்பு பட்டறைக்கு வந்து பார்க்கும். சோதனைக்காகச் சில மெஷின்கள் செய்வதற்கும் எம்.டி.-13 என்ற சோதனை உரிமம் வேண்டும். ‘டெஸ்டுக்குத்தானே’ என்று அதை விட்டுவிடுபவர்கள் அதிகம். பட்டறையைச் சீர்படுத்த மாதங்கள் ஆகும் என்றால், ஏற்கெனவே உரிமம் உள்ள இன்னொருவர் தொழிற்கூடத்தில் தயாரித்துக்கொள்ளும் கடன் உரிமம், எம்.டி.-6, இருக்கிறது. எட்டுப் பேருக்குச் சம்பளம் போட வேண்டிய பட்டறைகளுக்கு இதுதான் மூச்சுவிடும் வழி.

ஜெயில் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். உரிமம் இல்லாத தயாரிப்புக்கு அதே சட்டத்தின் 27(பி)(ii) பிரிவில் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறை. அபராதம் ஒரு லட்சத்துக்கோ பறிமுதலான சரக்கின் மதிப்பில் மூன்று மடங்குக்கோ குறையாது, இரண்டில் எது அதிகமோ அது. போதிய சிறப்புக் காரணங்களைப் பதிவு செய்து தண்டனையைக் குறைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. நீங்கள் இன்று எழுதும் ஒவ்வொரு கடிதமும் அந்தச் சிறப்புக் காரணத்துக்கான ஆதாரம்.

போலீஸ் மிரட்டலில் பாதிதான் உண்மை. உரிமம் இல்லாத தயாரிப்பு போன்ற, மருந்துகள் சட்டத்தின் நான்காம் அத்தியாயக் குற்றங்களுக்குப் போலீஸ் எஃப்.ஐ.ஆர். போட முடியாது என்று 2020-ல் அசோக் குமார் சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் கவனக்குறைவால் காயம் என்று பாரதிய நியாய சன்ஹிதா 125-வது பிரிவில் புகார் வந்தால் போலீஸ் தாராளமாக விசாரிக்கலாம்.

மகன் கேட்கும் 5 லட்சத்தை மிரட்டலாக மட்டும் பார்க்காதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தயாரிப்பாளரின் பொறுப்பு 84-வது பிரிவில் தெளிவாக இருக்கிறது. போதிய எச்சரிக்கை தராததும் அதில் ஒரு குறைபாடு. இரண்டு ஆண்டுக்குள் அவர்கள் வழக்குப் போடலாம். கையேட்டில் தமிழிலோ ஆங்கிலத்திலோ பேடு பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால் நீங்கள் பலவீனமான இடத்தில் நிற்கிறீர்கள். எச்சரிக்கை இருந்து, தெரபிஸ்ட் காய்ந்த பேடைப் போட்டார் என்றால் பொறுப்பு கிளினிக்குக்கும் போகும். தொகை பேசுவதற்கு முன் அந்த அம்மாவின் சிகிச்சைச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் மனிதாபிமான அடிப்படையில் தருவதாக எழுதி, வங்கி வழியாகக் கொடுங்கள். சமரசம் ஆனாலும் மருந்துச் சட்ட வழக்கு அதனால் முடியாது. அப்படி முடித்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

ஏஜெண்டுக்குக் கொடுத்த பணத்தின் ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். பழைய தேதி ரிப்போர்ட் தருவதாகச் சொன்ன செய்தியையும் அழிக்காதீர்கள். அவர்மேல் மோசடிப் புகார் கொடுக்க இடமிருக்கிறது. ஆனால் அதை நோட்டீஸ் பதில் போனபிறகு வைத்துக்கொள்ளலாம்.