பாட்டி நெருப்பிலா இருக்கிறார்?

அன்புள்ள ஐயா,

காட்பாடியிலிருந்து எழுதுகிறேன். மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். நான் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்), கணவர் வீட்டார் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டன்ட்). இந்த வருடம் அம்மா தவறிவிட்டார். முப்பதாம் நாள் பூசையில், உத்தரிக்கிற ஸ்தலத்தின் (இறந்தவர்கள் மோட்சத்துக்குப் போகுமுன் தூய்மை பெறுவதாகச் சொல்லும் இடம்) நெருப்பைப் பற்றிய பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு, என் எட்டு வயது மகன் "பாட்டி நெருப்புலயா இருக்காங்க?" என்று கேட்டான். என் மாமியார், "பைபிள்ல அப்படி எதுவும் இல்ல கண்ணு, பாட்டி இயேசப்பாகிட்ட இருக்காங்க" என்றார். எனக்கும் அதுதான் ஆறுதலாக இருந்தது. அப்படியென்றால் மாதாமாதம் காணிக்கை கொடுத்து அம்மா பெயரில் பூசை எழுதிவைப்பது எதற்கு? காசு கொடுத்துக் கடவுளைச் சரிக்கட்டுகிறோமா? இன்னொன்று. நிலத் தகராறில் அம்மாவும் பெரியம்மாவும் பதினைந்து வருடம் பேசிக்கொள்ளவில்லை. பேசாமலே அம்மா போய்விட்டார். அது என்ன ஆகும்? கல்லறைத் திருநாளுக்கு மாமியாரைக் கூப்பிடலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

பையனுக்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். பாட்டி எந்த அடுப்பிலும் வேகவில்லை. ஆர்.சி.யாகவே இருந்துகொண்டு இதை நீங்கள் அவனிடம் சொல்லலாம்.

தீக்கு நடுவே கைகளைத் தூக்கிக்கொண்டு ஆத்துமாக்கள் நிற்கும் படத்தைப் பார்த்துப் பயந்து வளர்ந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். ஆனால் திருச்சபை தன் கோட்பாடாக அறிவித்ததில் அந்தப் படம் இல்லை. 1439-இல் புளோரன்ஸ் பொதுச்சங்கம் (ஆயர்கள் கூடிக் கோட்பாடுகளை முடிவுசெய்யும் பேரவை) இதைப் பற்றி எழுதியபோது, நெருப்பு என்ற கருத்தைக் கிரேக்கத் திருச்சபையினர் ஏற்காததால், நெருப்பு என்ற சொல்லே அந்த அறிக்கையில் இடம்பெறவில்லை. 1563-இல் திரெந்து பொதுச்சங்கம் சொன்னதும் சுருக்கமானதுதான்: இறந்தபின் தூய்மை பெறும் நிலை உண்டு, நம் மன்றாட்டும் குறிப்பாகப் பூசைப்பலியும் அவர்களுக்கு உதவும். சாதாரண மக்களுக்கான பிரசங்கத்தில் இதன் சிக்கலான நுணுக்கங்களை இழுக்க வேண்டாம், மூடநம்பிக்கையோ பண ஆசையோ கலந்த எதையும் அனுமதிக்க வேண்டாம் என்று அதே சங்கம் ஆயர்களுக்குச் சொல்லியும் வைத்தது. 450 வருடங்களுக்கு மேல் ஆகியும் அந்த உத்தரவு சில பிரசங்க மேடைகளுக்கு இன்னும் வந்துசேரவில்லை.

உங்கள் மாமியார் சொன்னதற்கும் இதற்கும் நீங்கள் நினைக்கும் அளவுக்குச் சண்டையும் இல்லை. உத்தரிக்கிற நிலையில் இருப்பவர்கள் எல்லோரும் மீட்புப் பெற்றவர்கள். அங்கிருந்து நரகத்துக்கு வழி கிடையாது. 1999-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இதை ஒரு இடமாக நினைக்கக் கூடாது, இது ஒரு நிலை என்று விளக்கினார். 2007-இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், அந்த நெருப்பு கிறிஸ்துவே என்று இக்கால இறையியலாளர்கள் சிலர் சொல்வதை எடுத்துக்கொண்டு, அவரை நேருக்கு நேர் சந்திப்பதே நம்மைச் சுட்டுத் தூய்மையாக்குகிறது என்று எழுதினார். அப்புறம் என்ன, பாட்டி இயேசப்பாவிடம்தான் இருக்கிறார்.

பெரியம்மா விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய கேள்வி அதுதான். கடவுள் மன்னித்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். பதினைந்து வருடம் ஒருவர் மனதுக்குள் வைத்திருந்த கசப்பு, மூச்சு நின்ற நொடியில் தானாகக் காணாமல் போகுமா? மோட்சம் என்பது நாளைக்கு அக்காவும் வந்து உட்காரப்போகிற விருந்து. அங்கே முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார முடியாது. அந்த முகம் திரும்ப வேண்டும். தான் பேசிய பேச்சு அக்காவை எப்படிக் குத்தியது என்று முதன்முறையாக முழுசாகத் தெரியும்போது வலிக்காமல் இருக்குமா? மாவுக்கட்டைப் பிரித்தபின் காலை மடக்கிப் பழக்கும்போது நோயாளி கத்துவதை நீங்கள் தினமும் பார்ப்பவர், அந்த வலி தண்டனை இல்லை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கத்தோலிக்க மறைக்கல்வி நூலும் இதைத்தான் சொல்கிறது: இது கடவுள் வெளியிலிருந்து பழிவாங்குவது அல்ல, பாவத்தின் இயல்பிலிருந்தே வருவது.

ஒன்று சொல்கிறேன், கோபிக்காதீர்கள். போய்ப் பெரியம்மாவைப் பாருங்கள். நிலத்தைப் பற்றிப் பேச வேண்டாம், சும்மா போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். இறந்தவர்களுக்காகத் திருச்சபை பரிந்துரைப்பதில் செபத்தோடு தர்மமும் தவமும் உண்டு. பதினைந்து வருடம் மிதிக்காத வாசலை மிதிப்பதைவிடக் கடினமான தவம் எனக்குத் தெரிந்து இல்லை. இதனால் அம்மாவுக்கு எத்தனை நாள் குறையும் என்று மட்டும் கேட்காதீர்கள். பழைய செபப் புத்தகங்களில் ஒவ்வொரு செபத்துக்கும் 100 நாள் பலன், 300 நாள் பலன் (பலன் என்றால் பாவத்துக்கான தண்டனைக் குறைப்பு) என்று போட்டிருக்கும். அந்த நாள் கணக்கை 1967-இல் திருத்தந்தை ஆறாம் பவுலே எடுத்துவிட்டார்.

பூசைக் காசு. காணிக்கை வாங்குவதில் வியாபாரத்தின் சாயல்கூட இருக்கக் கூடாது என்கிறது திருச்சபைச் சட்டம். ஏழைகளுக்குக் காணிக்கை வாங்காமலும் பூசை வையுங்கள் என்று குருக்களிடம் அதே சட்டம் வற்புறுத்துகிறது. முடிந்தால் கொடுங்கள், முடியாத மாதம் கூச்சப்படாமல் ஃபாதரிடம் பெயரை மட்டும் சொல்லுங்கள்.

இந்த வழக்கத்தின் வேரில் இருப்பது காசு இல்லை. புனித மோனிக்கா, கணவரின் கல்லறைக்குப் பக்கத்திலேயே தனக்கும் இடம் தயார்செய்து வைத்திருந்தவர். 387-இல், சொந்த ஊருக்குக் கடல் கடந்து போக வேண்டிய தூரத்தில், ரோமுக்கு அருகே ஒஸ்தியாவில் படுத்துவிட்டார். உடம்பை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், எங்கே இருந்தாலும் ஆண்டவரின் பீடத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள், அது போதும் என்று மகன்களிடம் சொன்னார். மகன் அகுஸ்தீனார் பத்து வருடத்துக்கும் மேல் கழித்து அதை எழுதும்போதும், அம்மாவின் பாவங்களை மன்னிக்கும்படி கடவுளிடம் கெஞ்சுகிறார், படிக்கிறவர்களும் தன் அம்மா அப்பாவைப் பீடத்தில் நினைக்க வேண்டும் என்று கேட்கிறார். அம்மா நல்லவர் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் கேட்கிறார். சாவுக்குப் பிறகும் அம்மாவுக்காக ஏதாவது செய்ய முடிகிறது என்பதைவிட எனக்கு வேறு வாதம் தேவைப்பட்டதில்லை.

மாமியாரிடம் மட்டும் வாதாடப் போகாதீர்கள். போரில் செத்த வீரர்களின் உடைக்குள் யூதருக்கு விலக்கப்பட்ட தாயத்துகள் இருந்ததைப் பார்த்துவிட்டு, யூதத் தளபதி யூதா மக்கபே அவர்களுக்காகப் பலி ஒப்புக்கொடுக்க எருசலேமுக்குப் பணம் அனுப்பிய கதை, 2 மக்கபேயர் 12-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. நமக்கு அது வேதம். அவர் கையில் இருக்கும் பைபிளில் அந்தப் புத்தகமே கிடையாது. "பைபிள்ல இல்ல" என்று அவர் சொன்னது அவர் வரையில் உண்மை. புராட்டஸ்டன்ட் ஆர்க்காடு மிஷனின் பள்ளிகளும் மருத்துவமனைகளும் ஒரு பக்கம், கத்தோலிக்கச் சலேசிய சபையாரின் பள்ளிகள் இன்னொரு பக்கம் என்று வளர்ந்த வேலூரில், ஒரே வீட்டில் இரண்டு பைபிள் இருப்பது ஒன்றும் அதிசயம் இல்லை.

கல்லறைக்கு மாமியாரைக் கட்டாயம் கூப்பிடுங்கள். சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கும்போது மாமியார் சும்மா நிற்கட்டும். சம்பந்தியம்மாவின் வாழ்க்கைக்காக நன்றி சொல்ல அவருக்கு எந்தத் தடையும் இருக்காது. பையன் மெழுகுவர்த்தி ஏற்றட்டும். நவம்பர் 2 அன்று டியூட்டி மாற்ற முடியவில்லை என்றாலும் கவலை வேண்டாம். கல்லறையைச் சந்தித்துச் செபிப்பதற்கான பலனைத் திருச்சபை 1 முதல் 8 வரை எட்டு நாளும் தருகிறது. நைட் ஷிஃப்ட் முடிந்து வரும் ஏதாவது ஒரு காலையில் போய்விட்டு வாருங்கள்.