இங்கிலாந்தில் பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

ரெடிங்கில் இருக்கிறீர்கள், 2003 மாடல் 1.8 ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள், 62,000 மைல்தான் ஓடியிருக்கிறது, 3,000 பவுண்டுக்குள் முடியும் போலிருக்கிறது, டாப் திறக்கிற கார் இதுவரை வைத்துக்கொண்டதில்லை. உங்கள் கேள்வியிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இவ்வளவு. நான் பல வருடங்களாக ஒரு மார்க் 1, அதாவது முதல் தலைமுறை எம்எக்ஸ்-5, வைத்திருக்கிறேன். நண்பர்களுக்காகக் கார் பார்க்கவும் அடிக்கடி கூடப் போவேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் அந்த மைல் கணக்கை ஓரமாக வையுங்கள். ஆயில் ஒழுங்காக மாற்றியிருந்தால் இந்த எஞ்சின் ஒன்றரை லட்சம் மைலைக்கூட அலட்டிக்கொள்ளாமல் தாண்டும். எம்எக்ஸ்-5 எஞ்சினால் சாவது அபூர்வம். துருப்பிடித்துத்தான் சாகும். இங்கே குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்பு தூவுகிறார்கள். அதனால் கராஜில் தூங்கிய ஒரு லட்சம் மைல் கார், தெருவில் நனைந்த 40,000 மைல் காரைவிட நல்ல காராக இருக்கும். விற்கிறவர் மைலைப் பற்றியே பேசுவார், நீங்கள் தகட்டைப் பற்றியே கேளுங்கள்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உலகத்திலேயே அதிகம் விற்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் இதுதான். 1989இல் வந்தது, 2016இல் பத்து லட்சத்தைத் தொட்டது. இது போனால் அடுத்தது வரும். "இன்னொருத்தர் சாயந்திரம் பார்க்க வருகிறார்" என்று அவசரப்படுத்தினால், தாராளமாக வரட்டும் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே பாதி வேலை முடிந்துவிடும். அரசாங்க இணையதளத்தில் நம்பர் பிளேட்டைத் தட்டினால் எம்ஓடி (வருடா வருடம் நடக்கும் கார் தகுதி டெஸ்ட்) வரலாறு இலவசமாக வரும். 2005 முதலான பதிவுகள் இருப்பதால், 2003 காருக்கு முதல் டெஸ்டிலிருந்தே எல்லாம் தெரியும். பாஸா ஃபெயிலா என்பதை விட அதன் கீழே இருக்கும் அட்வைசரிக் குறிப்புகளை (ஃபெயில் ஆக்காமல் எச்சரிக்கையாக எழுதுபவை) வரிசையாகப் படியுங்கள். ஒரு வருடம் "பின்பக்க சில்லில் துரு" (சில் என்பது கதவுக்கு அடியில் ஓடும் தகடு) என்று இருக்கும், அடுத்த வருடமும் அதே குறிப்பு, அதற்கடுத்த வருடம் சத்தமில்லாமல் காணாமல் போயிருக்கும். துரு தானாக ஆறுகிற புண் இல்லை. நடுவில் வெல்டிங் செய்திருந்தால் பில்லும் ஃபோட்டோவும் இருக்க வேண்டும். பில் இல்லை என்றால் மேலே கறுப்பாக எதையோ பூசி மறைத்திருக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எம்ஓடி டெஸ்டர் எதையும் கழற்றிப் பார்க்க மாட்டார், மேலோட்டமாகத் தெரிவதை மட்டும்தான் எழுதுவார். நேற்று புதிதாக எம்ஓடி பாஸ் ஆன கார் என்பதால் மட்டும் துரு இல்லை என்று ஆகிவிடாது.

துரு எங்கிருந்து வருகிறது என்று புரிந்தால் எங்கே பார்ப்பது என்பதும் புரிந்துவிடும். துணி டாப்பின் மேல் விழும் மழைத் தண்ணீர் சீட்டுக்குப் பின்னால் ஒரு ரப்பர் வாய்க்காலில் சேர்ந்து, இரண்டு ஓரத்திலும் இருக்கும் ஓட்டை வழியாகக் குழாயில் இறங்கி, பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் காருக்கு அடியில் வெளியேற வேண்டும். மரத்தடியில் நிறுத்துகிற கார் என்றால் இலைச் சருகும் தூசியும் அந்த ஓட்டையில் சேறாக அடைத்துவிடும். போக வழியில்லாத தண்ணீர் உள்ளே கசிந்து சில்லுக்குள் தேங்கும். கதவுக்கு அடியில், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே, பெட்டி மாதிரி மடித்துச் செய்த தகடுதான் சில். காரின் பலமே அதில்தான் இருக்கிறது. மேலே கூரை இல்லாத காருக்கு அது இன்னும் முக்கியம். அது உள்ளிருந்து அரித்துக்கொண்டே வரும். வெளியே பெயிண்டில் கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும்.

அதனால் கார் பார்க்கப் போகும்போது ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துப் போங்கள். விற்கிறவரிடம் கேட்டுவிட்டு டாப்பைப் பாதி மடக்குங்கள். சீட் பெல்ட் கோபுரத்துக்குப் பின்னால் ஓரத்தில் அந்த ஓட்டை தெரியும். அதில் நிதானமாகத் தண்ணீர் விடுங்கள். கூட வந்தவரைக் கீழே குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். விட்ட வேகத்திலேயே தரையில் கொட்டினால் சந்தோஷம். ஓட்டையில் தண்ணீர் ஏறி நின்றாலோ, ஒரு நிமிடம் கழித்துப் பழுப்பாகச் சொட்டினாலோ அந்தப் பக்கச் சில்லை இரண்டு மடங்கு கவனமாகப் பாருங்கள். இரண்டு பக்கமும் செய்ய வேண்டும். சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கார்ப்பெட்டையும் உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். ஈரம் இருந்தால் கை சொல்லிவிடும். கதவைத் திறந்ததும் புழுங்கல் வாடையும், அதை மறைக்கத் தொங்கவிட்ட வாசனை அட்டையும் சேர்ந்து வந்தால் கார்ப்பெட்டைத் தொடாமலே தெரிந்துகொள்ளலாம்.

அடுத்து முட்டி போட்டு உட்காருங்கள். சில்லின் பின் முனை, அதாவது பின் சக்கர வளைவோடு சேருகிற இடம், இதுதான் முதலில் போகும். வளைவின் உள் உதட்டில் விரலை ஓட்டுங்கள். வழவழப்பாக ஓட வேண்டும், பொரபொரவென்றோ உப்பலாகவோ தட்டக்கூடாது. சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி (பெயிண்ட் கீறினால் சண்டை வரும்) வளைவு முழுக்க நகர்த்துங்கள். பிடிக்காத இடத்தில் தகடு இல்லை, பட்டி இருக்கிறது. நம் ஊர் டிங்கரிங் கடையில் செய்கிற அதே வேலைதான் இங்கேயும். பட்டி பார்த்து, தேய்த்து, பெயிண்ட் அடித்தால் ஆறு மாதம் பார்க்க லட்சணமாக இருக்கும்.

நண்பருக்காகப் பார்த்த ஒரு கார் நினைவிருக்கிறது. மேலே பாலிஷ், உள்ளே புதிய மேட், அடியில் தார் போட்ட ரோடு மாதிரி பளபளவென்று அண்டர்சீல், அதாவது துருவைத் தடுக்கப் பூசும் கறுப்புப் பூச்சு. "போன வாரம்தான் பாதுகாப்புக்கு அடித்தேன்" என்றார் விற்கிறவர். விற்கப் போகிற காருக்கு எதற்குப் போன வாரம் பாதுகாப்பு? அனுமதி கேட்டுச் சில்லின் அடியில், ஜாக்கி வைக்கிற மடிப்புக்குப் பக்கத்தில், கட்டை விரலால் அழுத்தினேன். உள்ளே அமுங்கியது. அப்பளம் உடைகிற சத்தம் வந்தது. அவர் முகத்தைப் பார்க்காமல் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

உங்கள் 2003 மாடல் இரண்டாம் தலைமுறை. 1998இல் வந்ததில், 2001இல் சின்ன மாற்றம் செய்த வகை. இதற்கென்று தனியாக ஒரு வியாதி உண்டு. முன்பக்கச் சேஸிஸ் ரெயில், அதாவது காரின் முன்பகுதியைத் தாங்கும் நீளமான சட்டம். இந்தத் தலைமுறையில் அந்த இடத்தில் தகடுகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வரும். இடுக்கில் தண்ணீர் நின்று, கண்ணுக்குத் தெரியாமல் உள்ளிருந்தே அரிக்கும். எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டு மறைப்பதால் பலரும் பார்ப்பதே இல்லை. டார்ச் அடித்து, முன் ஆன்டி-ரோல் பார் (திருப்பத்தில் கார் சாயாமல் பிடிக்கும் குறுக்குக் கம்பி) பிடிக்கிற இடத்துக்கு அருகே ரெயிலின் அடிப்பகுதியைப் பாருங்கள். தகடு வீங்கியிருந்தாலோ அடுக்கு பிரிந்திருந்தாலோ வேண்டாம். சில்லை வெட்டி வெல்டிங் செய்து தர ஆள் இருக்கிறார்கள், செலவையும் விலையில் கழிக்கச் சொல்லிக் கேட்கலாம். ரெயிலும் சேர்ந்து போயிருந்தால் 3,000 பவுண்டு காருக்கு அந்தக் கணக்கு ஒத்து வராது. பக்கத்து கராஜில் சில பவுண்டு கொடுத்து லிஃப்ட்டில் ஏற்றிப் பார்க்க முடிந்தால் இதைவிட நல்ல செலவு கிடையாது. லிஃப்ட்டுக்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் வாங்காதீர்கள்.

டாப்பைப் பொறுத்தவரை பயப்பட ஒன்றுமில்லை, கிழிந்தால் மாற்றலாம். ஆனால் அதற்குச் சில நூறு பவுண்டு ஆகும் என்பதால் பேரத்துக்கு உதவும். மடிகிற ஓரங்களில் தேய்மானமும், பின் கண்ணாடி துணியோடு ஒட்டுகிற இடத்தில் பிரிவும் இருக்கிறதா பாருங்கள். திறந்து மூடும் வேலையை விற்கிறவரை விட்டுச் செய்யச் சொல்லாமல் நீங்களே செய்யுங்கள்.

எஞ்சின் சமாசாரத்தைச் சீக்கிரம் முடிக்கிறேன். டைமிங் பெல்ட்டை 60,000 மைலில் மாற்ற வேண்டும். 62,000 என்றால் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, மாற்றியாயிற்றா, பில் எங்கே என்பதுதான். வார்த்தையை நம்பாமல், மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு விலை பேசுங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போதே ஸ்டார்ட் செய்ய வேண்டும். நீங்கள் போகும் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். குளிரில் இரண்டாவது கியர் கொஞ்சம் முரண்டு பிடிப்பது இந்தக் காரின் குணம். நன்றாகச் சூடான பிறகும் கரகரத்தால் சிங்க்ரோ (கியர் உரசாமல் விழ உதவும் வளையம்) போயிருக்கிறது. கிளட்ச் பெடல் பஞ்சு மாதிரி இருந்தால் ஸ்லேவ் சிலிண்டர் கசிகிறது, அது சின்னச் செலவு. பின் பிரேக் காலிப்பர் இறுகிக்கொள்வது சகஜம், ஹேண்ட் பிரேக்கை இழுத்துச் சரிவில் நிறுத்திப் பாருங்கள். டாப்பைத் திறந்து மேடு பள்ளத்தில் ஓட்டினால் டேஷ்போர்டு லேசாக நடுங்கும், கூரையில்லாத காருக்கு அது இயல்பு. பேட்டரி டிக்கிக்குள் இருக்கிறது. அதற்குரிய சீல் செய்த வகையைப் போடாமல் மலிவானதைப் போட்டிருந்தால் ஆசிட் ஆவியில் டிக்கித் தரையும் அரித்திருக்கும், மேட்டைத் தூக்கிப் பாருங்கள்.

மார்க் 1 தேடுகிறவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் ஒரு வார்த்தை. 1991 வரை வந்த ஆரம்ப 1.6 எஞ்சின்களில் கிராங்க் மூக்கு, அதாவது கீழ்ப் புல்லி மாட்டியிருக்கும் தண்டின் முனை, குட்டையானது. எஞ்சின் ஓடும்போது கீழே இருக்கும் புல்லி தள்ளாடுகிறதா என்று கவனியுங்கள். ஜப்பானிலிருந்து யூனோஸ் என்ற பெயரில் வந்த கார்களுக்கு "உப்பு படாத கார்" என்று கூடுதல் விலை சொல்வார்கள். வந்து இருபது வருடம் இங்கேயே நனைந்திருந்தால் அந்தப் பேச்சுக்கு மதிப்பில்லை.

பேப்பர் விஷயத்தில், வி5சியில் (காரின் பதிவுப் புத்தகம்) இருக்கும் முகவரியும் நீங்கள் கார் பார்க்கிற வீடும் ஒன்றா என்று பாருங்கள். இல்லையென்றால் தனிநபர் வேஷத்தில் இருக்கும் வியாபாரியாக இருக்கலாம். இது ஏன் முக்கியம் என்றால், டீலரிடம் வாங்கினால் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, காரில் கோளாறு இருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். தனிநபரிடம் அந்த வசதி இல்லை. சொன்னபடி கார் இருக்கிறதா என்பது மட்டும்தான் அங்கே கேள்வி, அதனால் விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். வி5சி சொந்தக்காரர் யார் என்பதற்கான அத்தாட்சியும் இல்லை, கடன் பாக்கி இருக்கிறதா என்று கொஞ்சம் பணம் கட்டிப் பார்த்துவிடுங்கள். அதில் கேட்டகரி "என்" (N), அதாவது இன்ஷூரன்ஸ் கைவிட்டது ஆனால் உடம்பு அடிபடாதது, என்று வந்தால் நான் ஓடமாட்டேன். விலை குறைந்த கார்களை ஒரு பம்பர் அடிக்கே இன்ஷூரன்ஸ்காரர்கள் கைகழுவிவிடுவார்கள். "எஸ்" (S) என்றால் உடம்பே அடிபட்டது, அதைத் தொடமாட்டேன்.

லண்டனுக்கு அடிக்கடி போவீர்களா? 2023 ஆகஸ்டிலிருந்து லண்டன் முழுவதுமே யூலெஸ் (அதிகம் புகை விடும் கார்களுக்குக் கட்டணம் வாங்கும் பகுதி) எல்லைக்குள். அந்த வருடத்து பெட்ரோல் கார்களில் சில தேறும், சில தேறாது. நம்பரைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். தேறாவிட்டால் மச்சான் வீட்டுக்குப் போகிற ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண்டு. அந்த வீட்டில் "ரெண்டு பேர் மட்டும் போறதுக்கு ஒரு காரா?" என்ற கேள்வியும் வரும், அதற்குப் பதில் என்னிடம் இல்லை.

முடிந்தால் நவம்பர் வரை பொறுங்கள். வெயில் வந்ததும் எல்லாருக்கும் டாப் திறக்க ஆசை வந்து விலை ஏறும், மழைக்காலத்தில் இறங்கும். பார்க்கப் போவது மட்டும் மழை பெய்யாத பகலாக இருக்கட்டும், நனைந்த பெயிண்டில் கொப்புளம் தெரியாது. பிடித்து வாங்கினால் பழைய ஆளின் ரோடு டாக்ஸ் உங்களுக்கு வராது. அங்கேயே நின்று, ஃபோனில் டாக்ஸும் இன்ஷூரன்ஸும் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள்.