அடுப்படிக் கேள்வி–பதில்: கிறீம் வாங்காமலே தடிப்பான உருளைக்கிழங்கு சூப்

மாரி தொடங்கிவிட்டது. வாடைக்காற்று கதவைத் தள்ளுகிற இந்த நாட்களில் எல்லோருக்கும் சூடாக ஏதாவது குடிக்கத்தான் மனம் போகிறது. வந்த கடிதங்களில் முக்கால்வாசி உருளைக்கிழங்கு சூப்பைப் பற்றியே கேட்பதால் இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே வைத்துக்கொள்வோம். உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதிக் குசினியில் நீண்ட காலம் சமைத்தவள் நான். சித்திரையில் தொடங்கிப் புரட்டாதி வரை வெளிநாட்டார் வந்து தங்குகிற இடம் அது. அவர்களுக்காகப் பழகிய இந்தச் சூப்பை இப்போது மழைக்காலத்தில் என் வீட்டுப் பிள்ளைகளுக்குச் செய்கிறேன்.

அக்கா, கொழும்பில் ஒரு ஹோட்டலில் வெள்ளையாய், தடிப்பாய் ஓர் உருளைக்கிழங்கு சூப் குடித்தேன். அதே ருசி வேண்டும் என்று வீட்டில் கிழங்கை அவித்துப் பிளெண்டரில் அடித்தேன். போஸ்டர் ஒட்டுகிற பசை மாதிரி இழுபட்டது. கிறீம் விடாததுதான் காரணமா? எங்கள் பக்கத்துக் கடைகளில் கிறீம் கிடைப்பதும் இல்லை.
— வாசகி, உவர்மலை

கிறீமில் ஒன்றுமில்லை, தங்கச்சி. பிளெண்டர்தான் காரணம். கிழங்குக்குள் மாச்சத்து கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைகளில் அடைபட்டுக் கிடக்கிறது. சூடு 60 பாகையைத் தாண்டும்போது அது தண்ணீரைக் குடித்து ஊதிப் பெருக்கும். நன்றாக அவிந்த கிழங்கை மெதுவாக மசித்தால் அந்த அறைகள் உடையாமல் ஒன்றைவிட்டு ஒன்று கழன்று வரும். அப்போது நாக்குக்கு மிருதுவாக இருக்கும். பிளெண்டரின் கத்தி அறைகளைக் கிழித்துவிட, உள்ளே இருந்த மாச்சத்து முழுதும் சூப்பில் கலந்து இழுபடத் தொடங்கும். அதற்கு மேல் எவ்வளவு கிறீம் விட்டாலும் அது சரிவராது.

நம் வீட்டில் கீரை கடைகிற மத்து இருக்கிறதே, இந்த வேலைக்கு அதைவிட நல்ல சாமான் இல்லை.

நான்கு பேருக்கு முக்கால் கிலோ உருளைக்கிழங்கு, இரண்டு லீக்ஸ், ஒரு பம்பாய் வெங்காயம், மூன்று பல் உள்ளி, இரண்டு மேசைக்கரண்டி பட்டர், ஒரு லீற்றர் தண்ணீர், ஒரு கப் பால். உப்பும் மிளகும் அளவுக்கு. வேறொன்றும் வேண்டாம்.

லீக்ஸைக் கழுவுவதில் அவசரப்படாதீர்கள். நுவரெலியாவிலிருந்து வருகிற லீக்ஸின் மடிப்புகளுக்குள் மண் இருக்கும். வெளியே கழுவினால் அது போகாது. வேர்ப்பக்கத்தை வெட்டி எறிந்து, நீளமாக இரண்டாய்ப் பிளந்து, ஓடுகிற தண்ணீரில் ஒவ்வோர் இதழாக விரலால் விலக்கிக் கழுவுங்கள். வெள்ளைப் பகுதியும் இளம்பச்சைப் பகுதியும் சூப்புக்கு. கரும்பச்சைத் தாள்களை எறியாமல் எடுத்து வைத்தால் மறுநாள் பச்சைமிளகாயோடு வதக்கிச் சோற்றுக்கு வைக்கலாம்.

அடிகனமான சட்டியில் பட்டரை உருக்கி, மெல்லியதாய் அரிந்த லீக்ஸ், வெங்காயம், உள்ளி மூன்றையும் போட்டு ஒரு சிட்டிகை உப்புத் தூவி, நெருப்பை நன்றாகக் குறைத்து மூடிவிடுங்கள். பத்து நிமிடம். இடையில் இரண்டு மூன்று தடவை கிளறினால் போதும். முதலில் ‘சுர்’ என்று வரும் சத்தம் மெல்ல அடங்கும். லீக்ஸ் கண்ணாடிபோலத் தெளிந்து, அகப்பையால் அழுத்தினால் மசியும் பதத்துக்கு வரும். அதுவரை பொறுத்திருங்கள். பொன்னிறம் ஏறவே கூடாது. இறைச்சிக் கறிக்கு வெங்காயம் வதக்கிப் பழகிய கைக்கு இது பொறுக்காது, நெருப்பைக் கூட்டத்தான் மனம் வரும். கூட்டினால் சூப்பின் வெள்ளை நிறமும் லீக்ஸின் இனிப்பும் இரண்டும் போய்விடும்.

அடுத்தது கிழங்கு. தோல் சீவி, கட்டைவிரல் நுனி அளவுத் துண்டுகளாய் வெட்டி உடனேயே சட்டியில் போடுங்கள். வெட்டிய துண்டுகளைத் தண்ணீரில் ஊறப்போடுவது பொரியலுக்குச் சரி, சூப்புக்கு வேண்டாம். நமக்கு வேண்டிய மாச்சத்து அந்தத் தண்ணீரோடு போய்விடும். ஒரு லீற்றர் தண்ணீர் ஊற்றி, ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டு, கொதித்ததும் நெருப்பைக் குறைத்து இருபது நிமிடம் அவியவிடுங்கள். கத்தி நுனி தடையில்லாமல் இறங்க வேண்டும். அரைகுறையாய் அவிந்த கிழங்கை மசித்தால் குறுணி குறுணியாய்த்தான் வரும்.

கோழி வாங்குகிற நாளில் கழுத்தும் முதுகெலும்பும் கேட்டு வாங்கி, ஒன்றரை மணி நேரம் மெல்லக் கொதிக்கவிட்டு வடித்த சாறு இருந்தால் தண்ணீருக்குப் பதில் அதை ஊற்றுங்கள். சூப் கட்டி போடுவதானால் வேறு உப்புச் சேர்க்க முன் ருசி பாருங்கள், அதிலேயே நிறைய இருக்கிறது.

அவிந்ததும் இரண்டு அகப்பை கிழங்குத் துண்டுகளை ஒரு கோப்பையில் எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தைச் சட்டியிலேயே மத்தால் கடையுங்கள். தடிப்பு உங்கள் கண்முன்னாலேயே ஏறும். பிறகு பாலைத் தனியாகச் சூடாக்கி ஊற்றி, எடுத்து வைத்த துண்டுகளையும் திரும்பப் போட்டு, மெல்லிய நெருப்பில் ஐந்து நிமிடம் வையுங்கள். பால் விட்ட பிறகு கொதிக்க விடக்கூடாது. கடைசியாக மிளகு, அதுவும் அப்போதே இடித்தது. இதற்கு மேலே கோதுமை மாவோ சோள மாவோ கரைத்து விட வேண்டிய தேவையே இல்லை. கிழங்கிலேயே தேவையான தடிப்பு இருக்கிறது.

அப்புறமும் கிறீம் விட்ட ருசி வேண்டுமென்றால் சட்டித் தயிர் வாங்குங்கள். கிண்ணியாப் பக்கத்து எருமைத் தயிரின் மேலே தடித்த ஆடை ஒன்று படிந்திருக்கும். அதில் ஒரு கரண்டி எடுத்து, சூப்பைக் கோப்பையில் ஊற்றிய பிறகு நடுவில் வையுங்கள். அடுப்பில் இருக்கும்போது போட்டால் திரிந்துவிடும். பெட்டிக் கிறீமைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். மெல்லிய புளிப்பு, கிழங்கின் மந்தத்தை எடுத்துவிடுகிறது.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மரக்கறிதான். பிள்ளைக்குப் பசும்பால் ஒத்துக்கொள்ளாது. தேங்காய்ப்பாலில் இந்தச் சூப்பைச் செய்யலாமா? சொதி மாதிரி ஆகிவிடாதா?
— வாசகி, நிலாவெளி

தாராளமாகச் செய்யலாம். பட்டருக்குப் பதில் தேங்காயெண்ணெய் விடுங்கள், பட்டரும் பாலிலிருந்து வருவதுதான். இரண்டாம் பாலில் கிழங்கை அவியவிட்டு, மத்தால் கடைந்து, அடுப்பை அணைக்கும் தறுவாயில் முதற்பாலை ஊற்றி ஒரு தடவை கிளறி இறக்குங்கள். முதற்பாலைக் கொதிக்கவிட்டால் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்.

மஞ்சளும் வெந்தயமும் போட்டால்தான் சொதி நினைவு வரும். இரண்டையும் விட்டுவிடுங்கள். ஒரு துண்டு ரம்பையும் விரல் நுனியளவு இஞ்சியும் வதக்கும்போது சேர்த்து, கடைவதற்கு முன் எடுத்துவிடுங்கள். தேசிக்காய் விடுவதானால் கோப்பையில் ஊற்றிய பிறகுதான். கிழங்கு அவியும்போது புளிப்பு எதைச் சேர்த்தாலும், தக்காளியாய் இருந்தாலும், கிழங்கு இறுகி நின்று மசிய மறுக்கும்.

சந்தையில் நுவரெலியாக் கிழங்கு என்றும் யாழ்ப்பாணக் கிழங்கு என்றும் இந்தியக் கிழங்கு, பாகிஸ்தான் கிழங்கு என்றும் விதம்விதமாய்க் குவித்து வைத்திருக்கிறார்கள். சூப்புக்கு எதை வாங்குவது?
— வாசகர், கந்தளாய்

ஊர்ப் பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். ஒரே குவியலிலேயே மா மாவாய் உதிர்கிற கிழங்கும், அவித்தாலும் வெட்டிய வடிவம் குலையாத கிழங்கும் கலந்திருக்கும். சூப்புக்கு மாக்கிழங்குதான் வேண்டும். வீட்டில் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. ஒரு பங்கு உப்புக்குப் பதினொரு பங்கு தண்ணீர் என்று கரைத்து, கழுவிய கிழங்கை முழுசாகப் போடுங்கள். மாச்சத்து கூடிய கிழங்கு பாரமானது, அடியில் போய்விடும். மிதக்கிறதைக் குழம்புக்கும் பிரட்டலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

பையிலே அடைத்துவரும் கிழங்கை வீட்டில் வெளிச்சம் படுகிற இடத்தில் போட்டு வைக்காதீர்கள். பச்சை நிறம் ஏறினால் சொலனின் என்ற நச்சும் கூடியிருக்கும். சின்னதாய் ஓரிடத்தில் பச்சை தெரிந்தால் அந்தப் பகுதியையும் முளைக்கண்ணையும் ஆழமாக வெட்டி எறியுங்கள். கிழங்கு முழுதும் பச்சையென்றால் யோசிக்காமல் குப்பைக்கு. வெங்காயக் கூடைக்குள்ளே சேர்த்தும் வைக்க வேண்டாம், சீக்கிரம் முளைத்துவிடும்.

மீன் போட்டுச் செய்யலாமா, அக்கா? எங்கள் வீட்டில் மீன் இல்லாமல் ஒரு நேரச் சாப்பாடும் இறங்காது.
— வாசகி, மூதூர்

கொட்டியாரக்குடாக் கரையில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்தால்தான் அதிசயம். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் சிப்பி, மீன், உருளைக்கிழங்கு, பால் எல்லாம் சேர்த்து ‘சவுடர்’ என்று ஒரு சூப் வைக்கிறார்கள். நீங்கள் கேட்பது அதன் தங்கைதான். வெள்ளைத் தசை மீனாய் வாங்குங்கள். விளைமீன், கொடுவா, பாரை மூன்றும் நல்லது. சூரை வேண்டாம், அதன் இரத்தச் சிவப்பும் வாடையும் பாலோடு சேராது.

இறால் வாங்கினால் தலையையும் கோதையும் எறியாமல் கொஞ்சம் எண்ணெயில் சிவக்க வறுத்து, தண்ணீர் விட்டு இருபது நிமிடம் கொதிக்கவைத்து வடித்துக்கொள்ளுங்கள். அந்தச் சாற்றில் கிழங்கை அவித்தால் சூப்புக்கு இளஞ்சிவப்பு நிறமும் கடல் வாசமும் வரும். விடுதியில் விருந்தினர் இரண்டாம் கோப்பை கேட்டு வாங்கிக் குடித்த சூப் அது. மீன் துண்டுகளைப் பால் விட்ட பிறகு கடைசியில் போடுங்கள். நான்கைந்து நிமிடத்தில் அவிந்துவிடும். அகப்பையால் கிண்டாமல் சட்டியைப் பிடித்து ஆட்டிவிடுங்கள்.

ஒரு ஹோட்டல் மெனுவில் ‘பார்மென்டியே சூப்’ என்று பார்த்தேன். கேட்டால் உருளைக்கிழங்கு சூப்தான் என்றார்கள். ஏன் அந்தப் பெயர்?
— வாசகர், சீனக்குடா

பார்மென்டியே என்பவர் பிரான்ஸ் நாட்டு இராணுவத்தில் மருந்தாளராக இருந்தவர். 1737இல் பிறந்து 1813இல் இறந்தார். போரில் பிரஷ்யரிடம் கைதியாய் அகப்பட்டபோது சிறையில் அவருக்குக் கொடுத்த சாப்பாடு உருளைக்கிழங்கு. பிரான்சில் அப்போது அதை மாட்டுக்கும் பன்றிக்கும் போடுகிற சாமானாகத்தான் பார்த்தார்கள். ஊர் திரும்பியவர் இது மனிதருக்கும் நல்ல சாப்பாடு என்று வாழ்நாள் முழுதும் வாதாடினார். 1772இல் பாரிஸ் மருத்துவ பீடம் அதை உண்ணத் தகுந்தது என்று ஏற்றுக்கொண்டது. கிழங்கு சேர்ந்த பல பிரெஞ்சுச் சாப்பாடுகளுக்கு அவர் பெயர் வந்தது அப்படித்தான். லீக்ஸும் கிழங்கும் சேர்த்த இந்தச் சூப்பும் அதில் ஒன்று. இதையே நன்றாக அரித்தெடுத்து, கிறீம் சேர்த்து, குளிரவைத்துக் கொடுத்தால் ‘விஷிஸ்வாஸ்’. நியூயோர்க்கில் ஒரு பெரிய ஹோட்டலில் சமைத்த லூயி டியா என்ற பிரெஞ்சுக்காரர், சின்ன வயதில் வீட்டில் குடித்த சூப்பை நினைத்து அதை உருவாக்கினார். வைகாசி வெயிலில் விடுதியில் அதைக் கேட்பவர்கள் உண்டு. எனக்கென்னவோ இந்தச் சூப் சூடாக இருந்தால்தான் சூப்.

என் கணவருக்கு நீரிழிவு. அவருக்கு இதைக் கொடுக்கலாமா?
— வாசகி, தம்பலகாமம்

மசித்த கிழங்கு இரத்தத்தில் சீனியைச் சீக்கிரம் ஏற்றும். கிழங்கில் பாதியைக் குறைத்து அதற்குப் பதில் பூக்கோவா போட்டு அவித்துக் கடையுங்கள், தடிப்பு ஓரளவு வரும். கோழியோ மீனோ சேர்த்து ஒரு சின்னக் கோப்பையோடு நிறுத்திக்கொள்ளட்டும். அன்றைக்குச் சோறும் பாணும் வேண்டாம். அவருடைய அளவை அவரைப் பார்க்கிற டொக்டரிடம்தான் கேட்க வேண்டும், தங்கச்சி.

மிஞ்சிய சூப்பை எப்படி வைப்பது?
— வாசகி, அனுராதபுரச் சந்தி

இரவு முழுதும் அடுப்பின் மேலே விட்டுவிட்டுக் காலையில் கொதிக்கவைத்துக் குடிப்பது ஆபத்து. நம்மூர் வெக்கையில் பால் சேர்ந்த சாப்பாடு சீக்கிரம் பழுதாகும். இரண்டு மணி நேரத்துக்குள் அகலப் பாத்திரத்தில் ஆற்றிப் பிரிட்ஜில் வையுங்கள். அடுத்த நாள் இறுகிப் போயிருக்கும். கொஞ்சம் பால் விட்டு மெல்லச் சூடாக்கினால் இளகும். ஃப்ரீசரில் வேண்டாம். உருகும்போது தண்ணீர் பிரிந்து திரளையாகிவிடும்.

அக்கா, நான் நிலாவெளி வீதியில் போர்டிங்கில் தங்கிப் படிக்கிறேன். என்னிடம் இருப்பது ஒரு ரைஸ் குக்கர் மட்டும். பாணும் பருப்பும் சாப்பிட்டு அலுத்துவிட்டது. இதில் சூப் செய்ய முடியுமா?
— மாணவன், கோணேசபுரி

செய்யலாம், தம்பி. லீக்ஸ் கிடைக்காவிட்டால் பெரிய வெங்காயம் இரண்டு போதும். குக்கரைப் போட்டு, சூடானதும் ஒரு கரண்டி மார்ஜரின் விட்டு வெங்காயத்தை வதக்குங்கள். விசை தானாக மேலே எழும்பினால் கொஞ்ச நேரம் பொறுத்துத் திரும்ப அழுத்துங்கள். நான்கு கிழங்கை வழக்கத்தைவிடச் சின்னதாய் வெட்டிப் போட்டு, இரண்டரைக் கப் தண்ணீர், உப்பு. மூடியைக் கொஞ்சம் விலக்கி வையுங்கள், மாத்தண்ணீர் பொங்கி வழியும். அரை மணியில் அவிந்துவிடும். விசையை அணைத்து, மரக்கரண்டியின் பின்பக்கத்தால் சட்டியின் ஓரத்தோடு அழுத்தி மசியுங்கள். இரும்புக் கரண்டி உள்ளே பூசியிருக்கிற பூச்சைச் சுரண்டிவிடும்.

பால்மா மூன்று மேசைக்கரண்டியை முக்கால் கப் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றுங்கள், நேரே சூப்பில் தூவினால் கட்டிபடும். மூடி வைத்தால் அந்தச் சூட்டிலேயே சேர்ந்துவிடும். ஓர் அவித்த முட்டையைப் பிய்த்துப் போட்டு மிளகுதூள் தூவினால் பசி அடங்கும். ரோஸ் பாண் வாங்குங்கள். அதன் மொறுமொறுப்பான மேல்தோல்தான் சூப்பில் தோய்த்துச் சாப்பிட நல்லது. அச்சுப் பாண் உடனே கரைந்துபோகும். அறை நண்பனும் சாப்பிடுவானென்றால் கிழங்கு ஆறாய்ப் போடுங்கள், தண்ணீர் மூன்றே முக்கால் கப்.