முகம் திருப்புவது வெறுப்பினால் அல்ல

கேள்வி: பெரியவர்கள் பார்த்துச் செய்துவைத்த திருமணம், ஐந்து மாதங்கள் ஆகின்றன. மனைவி இப்போது மூன்று மாதக் கர்ப்பிணி. நான் அருகில் சென்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். வேலை முடிந்து வந்தால் படுத்திருக்கிறாள், காரணமின்றி அழுகிறாள், தாய் வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறாள். “நாங்களெல்லாம் பிள்ளை பெறவில்லையா?” என்கிறார் அம்மா. அவளுக்கு என்னைப் பிடிக்கவில்லையோ என்ற சந்தேகம் வாட்டுகிறது. அவளை அனுப்பிவைக்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈரோடு

பதில்: அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் எழுதியிருப்பவற்றில் உங்கள் மனைவியின் மனம் விலகிவிட்டது என்று கருத இடமளிக்கும் செய்தி ஒன்றுகூட எனக்குத் தென்படவில்லை. மசக்கைக் காலத்தில் வாடைகள் பல பெண்களுக்குத் தாங்க முடியாதவையாகிவிடும். சோறு வடிக்கும் கஞ்சியின் ஆவி, தாளிப்பு, கணவர் தலையில் தேய்க்கும் எண்ணெய், சட்டையில் ஒட்டிய பெட்ரோல் வாடை என எதுவும் குமட்டலைக் கிளப்பலாம். அவர் முகம் திருப்புவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணமாக இருக்கும். வேலையிலிருந்து வந்ததும் குளித்து உடை மாற்றிக்கொண்டு அருகில் சென்று பாருங்கள். எந்த வாடை ஒத்துக்கொள்ளவில்லை என்று அவரிடமே கேளுங்கள். பகலெல்லாம் தூக்கம் வருவதும் இம்மாதங்களில் இயல்பே. பெரும்பாலோருக்கு நான்காம், ஐந்தாம் மாதங்களில் இவை தணிந்துவிடும்.

உங்கள் தாயார் கேட்பதற்கும் மருத்துவத்தில் பதில் உண்டு. கருவிலும் நஞ்சுக்கொடியிலும் உருவாகும் ஜிடிஎஃப்15 என்னும் ஹார்மோனுக்கும் இந்தக் குமட்டலுக்கும் உள்ள தொடர்பை 2023இல் வெளியான ஆய்வு ஒன்று விளக்கியது. கர்ப்பத்துக்கு முன் அந்த ஹார்மோன் உடலில் குறைவாக இருந்தவர்களுக்கு அவதி கூடுதலாக இருக்கிறது. ஒருவர் மசக்கையே இல்லாமல் பத்து மாதத்தைக் கடத்துவதும் இன்னொருவர் தண்ணீரைக்கூட வாந்தியெடுப்பதும் பெரும்பாலும் இதனால்தான். மன உறுதிக்கும் இதற்கும் தொடர்பில்லை. இதைத் தாயாரிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டியவர் நீங்கள். புதிதாக வந்த மருமகள் தானே சொன்னால் அது எதிர்ப்பேச்சாகவே கொள்ளப்படும்.

தாய் வீட்டு ஆசையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஐந்து மாதம் என்பது ஒரு பெண் புகுந்த வீட்டில் பாத்திரங்கள் இருக்கும் இடத்தைப் பழகிக்கொள்ளவே சரியாக இருக்கும். பகலில் கூடத்தில் படுக்கக் கூச்சம், வாந்தியெடுக்கும் சத்தம் மாமனாருக்குக் கேட்குமே என்ற சங்கடம், புளிச்சோறு வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கத் தயக்கம் என அனைத்தையும் அடக்கிக்கொண்டு அவர் அந்த வீட்டில் நடமாடிக்கொண்டிருக்கலாம். பிறந்த வீட்டில், “எனக்கு இது வேண்டாம்” என்று ஒரே சொல்லில் சொல்லிவிட முடியும். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் தெரிந்துகொள்ளும் முன்பே பெற்றோராகும் நிலை வந்திருக்கிறது. கேட்கத் தயங்குபவர் அவர் மட்டுமல்லர் என்பதை உங்கள் கடிதமே காட்டுகிறது. எனக்கு எழுதிய இதே சந்தேகத்தை, குற்றம்சாட்டும் தொனியின்றி, “நீ விலகுவதாக எனக்குத் தோன்றுகிறது, பயமாக இருக்கிறது” என்று அவரிடமே சொல்லுங்கள்.

தாம்பத்திய உறவைப் பொறுத்தவரை, சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் அது குழந்தையைப் பாதிப்பதில்லை. இரத்தக்கசிவு இருந்தாலோ, நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பதாக மருத்துவர் சொல்லியிருந்தாலோ தவிர்க்க வேண்டும். ஆனால் அவருக்கு விருப்பமில்லாத நாளில் காரணம் கேட்டு வற்புறுத்தாதீர்கள்.

குடித்த தண்ணீரும் தங்காமல் போனாலோ, சிறுநீர் அடர்நிறமாகக் குறைந்து போனாலோ, எடை இறங்கினாலோ அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அழுகையும் எதிலும் பிடிப்பின்மையும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். 14416 என்ற டெலிமானஸ் இலவச எண்ணில் மனநல ஆலோசனை கிடைக்கும்.

அவரை அனுப்பிவைக்கலாமா என்றால், தாராளமாக அனுப்புங்கள். ஆனால் கோபித்துக்கொண்டு அனுப்பியதாக அவருக்குத் தோன்றாதவாறு நீங்களே உடன் சென்று, ஓரிரவு தங்கிவிட்டு வாருங்கள். அடுத்த பரிசோதனைத் தேதியைக் குறித்துக்கொண்டு, அன்று விடுப்பு எடுத்து நீங்களே அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.