மேடையா, மாணவர்களா?

கேள்வி: எனக்கு வயது 26. பியானோவில் எட்டாம் கிரேடு தேர்வும் அதன்பின் டிப்ளமோவும் முடித்திருக்கிறேன். மாலை நேரங்களில் புதுச்சேரிக்குச் சென்று 18 பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறேன். மேடைக் கலைஞராக வேண்டும் என்பது என் கனவு. ஆனால் இரண்டு ஆண்டுகளாகப் புதிதாக ஒரு படைப்பைக்கூடக் கற்கவில்லை. “டியூஷன் டீச்சராகவே நின்றுவிட்டாய்” என்கிறார் அண்ணன். வகுப்புகளை நிறுத்திவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.

பதில்: வகுப்புகளை நிறுத்த வேண்டாம், சகோதரி. உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அண்ணனின் சொல் அல்ல. அதற்கு முந்தைய வரிதான். புதிய படைப்புகளைக் கற்பது நின்றுபோனால், மாணவர் ஒருவர்கூட இல்லாத பியானோ கலைஞரும் தேய்ந்துதான் போவார்.

மேடையில் தேறாதவர்தான் கற்பிக்க வருவார் என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ! கச்சேரி செய்யும் வித்வானே வீட்டில் சீடர்களுக்குப் பாடம் சொல்வதைப் பார்த்து வளர்ந்த நாம், பியானோவுக்கு மட்டும் வேறு அளவுகோல் வைத்திருக்கிறோம். பாரிசில் வாழ்ந்த போலந்து பியானோ மேதை ஷோப்பின், தம் வாழ்வின் கடைசி 18 ஆண்டுகளில் நடத்திய பொதுக் கச்சேரிகள் ஏறத்தாழ 30தான். ஒரு பாடத்துக்கு 20 பிராங்க் பெற்றுக்கொண்டு கற்பித்த வருமானமே அவருக்குப் பெரும்பாலும் சோறு போட்டது. சிறுமியாக மேடையேறிய ஜெர்மானிய பியானோ கலைஞர் கிளாரா ஷூமன், 1878இல் ஃபிராங்க்ஃபர்ட்டின் ஹோக் இசைப்பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்தார். அதன் பிறகும் 1891 வரை பொது மேடைகளில் வாசித்தார்.

அதே சமயம், உங்களுக்குப் பொய்யான நம்பிக்கை தர எனக்கு மனம் வரவில்லை. வார்சாவில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் ஷோப்பின் போட்டிக்கு வயது வரம்பு 30. அங்கே வருபவர்களில் பெரும்பாலோர் சிறு வயது முதல் இசைப்பள்ளிகளிலேயே வளர்ந்தவர்கள். இந்த வயதில் வேலையை விட்டுவிட்டு அந்தப் பாதையில் இறங்குங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மேடை என்பது போட்டி மேடை மட்டுமல்ல. புதுச்சேரியிலும் ஆரோவில்லிலும் மேற்கத்திய செவ்வியல் இசையைக் கேட்க வருபவர்கள் இருக்கிறார்கள். ஐம்பது நாற்காலி போடக்கூடிய ஓர் அறையும் சுருதி சேர்ந்த ஒரு பியானோவும் உங்கள் முதல் கச்சேரிக்குத் தாராளமாகப் போதும்.

அதற்கு ஒரு மணி நேர நிகழ்ச்சியைத் தயார் செய்யுங்கள்: பாக்கின் 48 பிரெலூட்–ஃபியூக் இணைகளுள் (ஒரு முன்னிசையும், ஒரே மெட்டைப் பல குரல்களில் பின்னும் ஒரு படைப்பும்) ஒன்று, பேத்தோவனின் 32 பியானோ சொனாட்டாக்களுள் (பல பகுதிகள் கொண்ட நீண்ட படைப்புகள்) ஒன்று, மீதி நேரத்துக்கு ஷோப்பின். மூன்றில் ஒன்றாவது நீங்கள் இதுவரை தொட்டே இராததாக இருக்கட்டும். மாலை வகுப்புகளை முடித்துப் பேருந்தில் வீடு திரும்பி, இரவு ஒன்பது மணிக்கு மேல் சாதகம் செய்யலாம் என்ற எண்ணத்தை முதலில் கைவிடுங்கள். அந்த நேரத்தில் விரல் ஓடும், காது ஓடாது. கைப்பேசியை எடுப்பதற்கு முன்னால், காலையில் இரண்டு மணி நேரம் உங்களுடையதாக இருக்கட்டும். மெதுவாகவும், இடக்கை தனியாக, வலக்கை தனியாகவும், பிள்ளைகளிடம் நீங்கள் கேட்கிற அதே பொறுமையோடும் வாசியுங்கள். கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் பியானோவின் மரம் உப்பும், கம்பி துருப்பிடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல; வகுப்பு வருமானத்தில் ஒரு பகுதியைச் சுருதி சேர்த்துத் தரும் டியூனருக்கென்று தனியே எடுத்து வையுங்கள்.

வாரத்தில் ஒரு மாலை வகுப்பை மட்டும் விட்டுவிடுங்கள். அந்த மாலையில் உங்கள் மாணவர்களில் இரண்டு பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, முடிக்காத படைப்பானாலும் நிறுத்தாமல் வாசித்துக் காட்டுங்கள். கச்சேரித் தேதியை இந்த மாதத்துக்குள் முடிவு செய்து, முதலில் அண்ணனிடம் சொல்லிவிடுங்கள். அவரிடம் சொன்ன தேதியைத் தள்ளிப்போட உங்களுக்கு மனம் வராது.