ரயில் கட்டுப்பாட்டுத் திரைகளுக்குத் தரநிலை எழுதுவது வெறும் பேப்பர் வேலைதானா?

கேட்டவர் எழுதியிருப்பது இவ்வளவுதான்: மெட்ரோ சிக்னல் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. சிபிடிசி (ரேடியோ வழியாக வண்டிகளைக் கட்டுப்படுத்தும் சிக்னல் முறை) கட்டுப்பாட்டு அறைத் திரைகள் எப்படி இருக்க வேண்டும் என்று தரநிலை எழுதும் குழு. நண்பர்கள் எல்லாம் "அது டாகுமென்ட் தட்டுற வேலைடா, கோடிங் பக்கம் போ" என்கிறார்கள். போகலாமா?

சுருக்கென்று பட்டது. அதே டாகுமென்ட்டை ஏழு வருடம் தட்டியவன் நான். என் கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோது "மாப்பிள்ளை ரயில் ஓட்டுறாரா, ரயில் செய்யறாரா?" என்று கேட்டார்கள். "ரயில் ஓடறதைக் காட்டுற திரையில மஞ்சள் எங்கே வரணும்னு எழுதறேன்" என்றேன். அந்தச் சம்பந்தம் அதோடு நின்றது.

நீங்கள் சேலத்துப் பக்கம் படித்து முடித்து, பெங்களூருக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் ஆள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இல்லையென்றால் மன்னிக்கவும்.

சிபிடிசி தெரியாதவர்களுக்கு ஒரு நிமிடம். பழைய முறையில் தண்டவாளத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் லேசாக மின்சாரம் விட்டு, சக்கரம் ஏறியதும் அந்தத் துண்டில் வண்டி இருக்கிறது என்று கண்டுபிடிப்பார்கள். அதுதான் டிராக் சர்க்யூட். சிபிடிசியில் வண்டியே தான் இருக்கும் இடத்தைக் கணக்குப் போட்டு ரேடியோவில் சொல்லிக்கொண்டே வரும். சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணும். வழியில் பதித்திருக்கும் டேக்கைத் தாண்டும்போது கணக்கைத் திருத்திக்கொள்ளும். தரையில் இருக்கும் கம்ப்யூட்டர் "இந்த இடம் வரைக்கும் வா" என்று அனுமதியை நீட்டிக்கொண்டே போகும். அதனால்தான் வண்டிகளை இவ்வளவு நெருக்கி விட முடிகிறது. டெல்லியில் 2017 டிசம்பரில் திறந்த மெஜந்தா லைன் இந்த முறைதான். 2020 டிசம்பர் 28 முதல் அதில் டிரைவர் இல்லாமலே வண்டி ஓடத் தொடங்கியது. சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் 118.9 கிலோமீட்டரும் டிரைவர் இல்லாமல் ஓடத்தான் திட்டமிடப்பட்டது.

"சேலம் ஜங்ஷனில் ஏது சிபிடிசி?" என்று யாராவது கமெண்டில் வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். இல்லை. மெயின் லைனுக்கு வருவது கவச், வண்டிகள் மோதாமல் தடுக்கும் இந்திய ரயில்வேயின் முறை. அது வேறு குடும்பம். நான் சேலத்துக்காரன், வேலை பார்த்தது மெட்ரோ திரைகளில். இரண்டையும் நான் குழப்பவில்லை.

இந்தத் திரைகளுக்கென்றே உலக அளவில் ஒரு தரநிலை உண்டு: ஐஇஇஇ என்ற பொறியாளர் சங்கத்தின் 1474.2, வெளிவந்தது 2003இல். சிபிடிசி என்றால் என்ன, என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் 1474.1 அதற்கு முன்பே 1999இல் வந்துவிட்டது. உங்கள் குழு எழுதப்போவது அனேகமாக இவற்றுக்கு அடியில் வரும் ஒன்று. கம்பெனிக்கென்றோ ஒரு பிராஜெக்ட்டுக்கென்றோ, "நம் திரையில் இது இப்படித்தான் இருக்கும்" என்று வரிவரியாகக் கட்டிப்போடும் ஆவணம்.

என் அப்பா ஸ்டேஷன் மாஸ்டர். ஏற்காடு மலையடிவாரத்தில், ஜோலார்பேட்டை லைனில் ஒரு சின்ன ஸ்டேஷன். பள்ளிக்கூடம் விட்டால் நேராக அங்கேதான் போவேன். மேஜை அகலத்துக்கு ஒரு பேனல், அதில் ஸ்டேஷன் லைன்கள் எல்லாம் கோடாக இருக்கும். சிக்னல் பட்டனையும் பாதை பட்டனையும் சேர்த்து அழுத்தினால் பாதை மஞ்சளாக எரியும். வண்டி ஏறிய இடம் சிவப்பாகும். ஏதாவது லைன் அடைபட்டிருந்தால் அதற்குரிய பட்டன்மேல் ஒரு சிவப்பு வளையத்தை மாட்டிவிடுவார். காலர் என்பார்கள். ஃபோனில் பேசிக்கொண்டே, பழக்கதோஷத்தில் கை பட்டனுக்குப் போனாலும் விரலுக்கு முதலில் தட்டுப்படுவது அந்த வளையம்தான். அவசரத்துக்குப் பாதையை ரத்து செய்யும் பட்டனுக்குப் பக்கத்தில் ஒரு கவுன்டர் இருக்கும். அழுத்தினால் ஓர் எண் கூடும். அந்த எண்ணைக் காரணத்தோடு ரெஜிஸ்டரில் எழுதியே ஆக வேண்டும். மூன்று மாதம் கழித்து இன்ஸ்பெக்டர் வந்து, "இந்த 418ஆம் நம்பருக்கு என்ன ஆச்சு சார்?" என்று கேட்பார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் திரையில் இந்த வளையத்துக்கு ஈடாக எதுவும் இல்லை. ஒரு இடத்தை அடைத்துவைத்தால், பெரிதாக்கிப் பார்க்கும் படத்தில் மட்டும் சின்னக் குறி தெரியும். முழு லைனும் தெரியும் படத்துக்கு மாறினால் அது காணாமல் போகும். நான் சொன்னேன், இரண்டிலும் தெரிய வேண்டும் என்று. "ஸ்டேஷன் மாஸ்டர் பையன் வந்துட்டார்" என்று சிரித்தார்கள். சிரித்தாலும் செய்தார்கள், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

இப்போது பெரிய சண்டைக்கு வருகிறேன்.

2021 அக்டோபர். வீட்டிலிருந்தே வேலை. ஏற்காட்டில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன், அப்பாவும் கூட வந்திருந்தார். வெளியே மழை, மூடுபனி, சில்வர் ஓக் மரமே தெரியவில்லை. லேப்டாப்பில் பெங்களூரு சிமுலேட்டரைத் திறந்து, ஒரு வண்டியின் ரேடியோவை வேண்டுமென்றே துண்டித்துச் சோதித்துக்கொண்டிருந்தேன். திரையில் அந்த வண்டி அப்படியே நின்றது. அதே நிறம், அதே வடிவம், அதே வண்டி நம்பர். 20 விநாடிக்கு மேல் ஆன பிறகுதான் கீழே அலாரம் பட்டியலில் ஒரு வரி வந்தது.

அப்பா காபி டம்ளரோடு பின்னால் நின்று பார்த்தவர் கேட்டார்: "ஏங் கண்ணு, அந்த வண்டி நிக்குதா, இல்ல எங்க இருக்குன்னு தெரியலையா?"

எனக்கு அதற்குப் பதில் இருந்தது, சிமுலேட்டரில் ரேடியோவைத் துண்டித்தவனே நான்தானே. திரையில் பதில் இல்லை. அப்பாவின் பேனலில் டிராக் சர்க்யூட் பழுதானால் அந்தத் துண்டு சிவப்பாகத்தான் காட்டும். வண்டி இல்லாவிட்டாலும் இருக்கிறது என்றே சொல்லும். பயப்பட வேண்டிய பக்கம் சாய்வதற்காகவே அதை அப்படிக் கட்டியிருக்கிறார்கள். எங்கள் திரையோ தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டியது.

அடுத்த நாள் மீட்டிங்கில் இதைக் கொண்டுபோனேன். வந்த பதில், இந்தத் துறையில் நீங்கள் வாரம் ஒருமுறை கேட்கப்போகும் பதில்: "திரை பாதுகாப்புப் பகுதி இல்லை. ரேடியோ போனால் வண்டி தானே பிரேக் போடும். தரைக் கம்ப்யூட்டர் பின்னால் வருகிற வண்டியை அந்த இடத்துக்குள் விடாது. திரையில் என்ன வந்தால் என்ன?"

சரிதான், பாதி. கம்ப்யூட்டர் வேலை செய்யும் வரை திரை வெறும் படம். கம்ப்யூட்டரால் முடியாமல் போகும்போதுதான் கன்ட்ரோலர் ரேடியோவை எடுத்து, "மெதுவாக, பார்த்து ஓட்டிக்கொண்டு அடுத்த ஸ்டேஷன் வா" என்று டிரைவருக்கு வாய்மொழியாகச் சொல்வார். அந்த நேரத்தில் அவர் கண் முன்னால் இருப்பது இந்தப் படம் மட்டுமே. எல்லாப் பூட்டும் திறந்திருக்கும் நேரத்தில் நம்பப்படும் பொருளைப் பாதுகாப்புப் பகுதி இல்லை என்று எப்படி ஒதுக்குவது?

இதை நான் ஆவேசமாகப் பேசிக்கொண்டே போனேன். வீடியோ மீட்டிங்கில் எதிர்ப்பக்கம் இருந்த டீம் லீட் தலையை லேசாகச் சாய்த்து, வாய் பாதி திறந்து, ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் இவ்வளவு பொறுமையாகக் கேட்டதே இல்லை என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் வேறு. மூன்று நிமிடம் இருக்கும். செல்ஃபோன் அடித்தது. அவர்தான். "எங்கே போயிட்டீங்க? உங்க லைன் கட் ஆகி ரொம்ப நேரம் ஆச்சே."

ஏற்காட்டு மழையில் நெட் போயிருந்தது. உறைந்துபோன முகத்திடம்தான் அவ்வளவு நேரம் வாதாடியிருக்கிறேன். "சார், இப்ப எனக்கு நடந்ததுதான் கன்ட்ரோலருக்கும் நடக்கும்" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. "எழுதி அனுப்புங்க" என்றார்.

எழுதியது ஒரே ஒரு வாக்கியம். வண்டியிடமிருந்து இருப்பிடத் தகவல் நின்று 5 விநாடிக்குள், அந்த வண்டியின் குறியீடு கடைசியாகத் தெரிந்த இடத்திலேயே, நிறத்தால் மட்டுமல்லாமல் வடிவத்தாலும் மாறிக் காட்டப்பட வேண்டும். கடைசித் தகவல் வந்த நேரம் அதன் அருகே தெரிய வேண்டும். இந்த ஒரு வாக்கியத்துக்கு நான்கு வாரம் ஆனது. 5 விநாடி ஏன், 3 ஏன் கூடாது? சுரங்கத்தில் ஒரு ரேடியோவிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது அரை விநாடி தடுமாறினாலே வடிவம் மாறிச் சிமிட்டிக்கொண்டிருந்தால் யார் மதிப்பார்கள்? வடிவம் எதற்கு, நிறம் போதாதா? (சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத ஆண்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். கன்ட்ரோலருக்குக் கண் பரிசோதனை உண்டு. பக்கத்தில் நின்று பார்க்கும் மேலதிகாரிக்கு?) கடைசியில் சண்டை "ஷல்" என்பதா "ஷுட்" என்பதா என்பதில் வந்து நின்றது. ஷல் என்று எழுதினால் செய்தே ஆக வேண்டும், டெஸ்ட் செய்து கையெழுத்துப் போட வேண்டும். ஷுட் என்றால் செய்தால் நல்லது, அதாவது யாரும் செய்யமாட்டார்கள். முதல் பதிப்பில் ஷுட் ஆகத்தான் போனது. வாடிக்கையாளர் தரப்பிலிருந்து வந்த ஒரு அம்மா, முன்பு கன்ட்ரோல் ரூமில் ஷிப்ட் பார்த்தவர், படித்துவிட்டு அதை ஷல் ஆக்கச் சொன்னார். ஒரே மெயில், இரண்டே வரி.

அப்பா பெருமை பேசி டிராக் சர்க்யூட்டைக் கோயில் கட்டிக் கும்பிடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2009 ஜூன் 22 அன்று வாஷிங்டன் மெட்ரோவில் 9 பேர் இறந்தது டிராக் சர்க்யூட் ஒன்று நின்றிருந்த வண்டியைக் காணத் தவறியதால்தான். அந்த விசாரணையில் வெளிவந்த இன்னொன்று எங்கள் தொழிலுக்கு நேராக வந்து விழுகிறது: அங்கே கட்டுப்பாட்டு அறைக்கு இப்படிப்பட்ட டிராக் சர்க்யூட் அலாரம் மட்டுமே வாரத்துக்குச் சுமார் 8000 வந்துகொண்டிருந்தது. யார் பார்ப்பார்கள்? எது கத்த வேண்டும், எது சும்மா பதிவானால் போதும், ஒரே காரணத்தால் வரும் ஐம்பது அலாரத்தை எப்படி ஒன்றாகச் சுருட்டுவது என்று எழுதுவதுதான் உங்கள் வேலையில் பாதி நாள் போகும் இடம். கதவு, ஏசி, கேமரா என்று ஒவ்வொரு பிரிவும் வந்து தங்கள் அலாரம்தான் முதல் தரம் என்று நிற்பார்கள். சந்தைக்கடைதான்.

நிறத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு கம்பெனித் திரையில் அமைந்த பாதை பச்சை, இன்னொன்றில் மஞ்சள், மூன்றாவதில் வெள்ளை. ஒரே ஊரில் இரண்டு லைனை இரண்டு கம்பெனி கட்டினால், லைன் மாறி டியூட்டி பார்க்கும் கன்ட்ரோலர் கதி? ஐரோப்பாவில் நாட்டு எல்லை தாண்டி ஓட்டும் டிரைவருக்காக, இடிசிஎஸ் எனும் ஐரோப்பியப் பொது ரயில் கட்டுப்பாட்டு முறையின் திரையில் வேகமானி நிறங்கள் வரை, சாம்பல், மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று ஒன்றாக எழுதிவைத்துவிட்டார்கள். மெட்ரோ உலகத்தில் அந்த அளவுக்கு ஒழுங்கு இன்னும் வரவில்லை. ஆகவே வேலை நிறைய இருக்கிறது, அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

என் பெயர் அந்த ஆவணத்தில் இருக்கிறதா என்று கேட்பீர்கள். இல்லை. தயாரித்தவர் என்ற இடத்தில் துறையின் பெயர் இருக்கிறது. அதுகூடப் பரவாயில்லை. வேலையை விட்டபோது ரிலீவிங் லெட்டருக்கு என்னை 47 நாள் அலையவிட்டார்கள். லேப்டாப் சார்ஜரின் சீரியல் நம்பர் பொருந்தவில்லையாம். சார்ஜரை மாற்றிக் கொடுத்ததே அவர்கள் ஐடி பிரிவுதான். நான் சேலத்திலிருந்து காலை வண்டி பிடித்துப் போய் ரிசப்ஷனில் உட்கார, ஹெச்ஆர் அம்மணி லீவு. அடுத்த வாரம் போனால் அவர் சீட் மாறிவிட்டார். புதுக் கம்பெனிக்காரன் தினம் மெயில் போடுகிறான். 5 விநாடிக்குள் தகவல் வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவனுக்கு 47 நாள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் இதை எழுதாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

சரி, போகலாமா என்றால், போங்கள். கோடிங் போய்விடும் என்று பயப்படாதீர்கள். சிமுலேட்டரில் நீங்களே சின்னச் சின்ன ஸ்கிரிப்ட் எழுதி வண்டியைத் தொலைத்துத் தேடவேண்டிவரும். முதல் மாதத்திலேயே ஒரு இரவு ஷிப்ட் முழுக்கக் கன்ட்ரோலர் பின்னால் உட்கார அனுமதி கேளுங்கள். இன்டர்வியூவிலேயே கேட்டால் இன்னும் நல்லது. மழுப்பினால் அந்தக் குழு வெறும் பேப்பர் குழுதான், உங்கள் நண்பர்கள் சொன்னது சரி. அப்புறம், ஆஃபர் லெட்டரில் நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள் என்று பாருங்கள். சார்ஜர் கொடுத்தால் சீரியல் நம்பரோடு ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.